பினாங்குத் தண்டவாளமும் அண்ணனின் பிக்கப்பும்

பினாங்குக்குப் போய்வருகிறோம் என்று நம் தோட்டத்து மக்கள் சொன்னால், எங்கெங்கே போவார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? தைப்பூசம் என்றால் தண்ணீர்மலை. பள்ளி விடுமுறை என்றால் பிள்ளைகளோடு கொடிமலை ரயில், ஆயர் ஈத்தாம் பகோடா. கல்யாணச் சாமான் வாங்க வேண்டுமென்றால் மார்க்கெட் தெருவும் பினாங்கு தெருவும். அப்படியே குயீன் தெரு மகா மாரியம்மனுக்கு ஒரு கும்பிடு. வயிறு கிள்ளும்போது ஒரு நாசி கண்டார். இவ்வளவும் முடிந்தால் பொழுது சாய்ந்துவிடும்.

அடுத்த முறை போகும்போது இன்னொன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். காசு செலவில்லாத காட்சி. சூலியா தெருவும் பினாங்கு ரோடும் சந்திக்கும் இடத்தில், தரையில் பழைய இரும்புத் தண்டவாளத் துண்டு ஒன்று தெரியும். 2004-ல் சாலையைத் தோண்டியபோது வெளிப்பட்டது. அதை மறுபடியும் மூடிவிடாமல் விட்டுவைத்தார்கள். ஆயிரம் பேர் அதை மிதித்துக்கொண்டு போகிறார்கள். குனிந்து பார்ப்பவர்கள் பத்துப் பேர் இருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

அது டிராம் வண்டி ஓடிய தண்டவாளம். குதிரை டிராமும் நீராவி டிராமும் பார்த்த ஜார்ஜ்டவுனில் 1904-ல் மின்சாரம் வந்தது. 1906-ல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. நம் சென்னைப் பட்டணம் இதில் பினாங்குக்கு மூத்தது. அங்கே 1895-லேயே மின்சார டிராம் வந்து, 1953 வரை ஓடியது. பினாங்கில் 1936-ஓடு டிராம் நின்றது. அதற்கு முன்பே, 1925-ல், டிராலி பஸ் என்ற வேறொரு வண்டி வந்துவிட்டது. அது 1961 வரை ஓடியது. எண்பதைத் தாண்டிய பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். "ஆமாம், தலையில் கொம்பு முளைத்த பஸ்" என்பார்கள்.

அந்தக் கொம்பில்தான் விஷயம் இருக்கிறது. டிராமுக்குத் தலைக்கு மேலே ஒரே ஒரு மின்கம்பி. வண்டிக்கும் ஒரே கொம்பு. டிராலி பஸ்ஸுக்கோ இரண்டு கம்பி, இரண்டு கொம்பு. ஏன் இந்த வித்தியாசம்? மின்சாரம் ஓர் இடத்துக்குப் போனால் மட்டும் போதாது, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வரவும் வேண்டும். டிராமில் அது மேலே கம்பியிலிருந்து கொம்பு வழியாக இறங்கி, மோட்டாரைச் சுற்றவைத்து, இரும்புச் சக்கரம் வழியாகத் தண்டவாளத்துக்குள் இறங்கி, மின் நிலையத்துக்குத் திரும்பும். நாம் மிதித்து நடக்கும் அந்த இரும்புதான் திரும்பும் வழி. டிராலி பஸ்ஸுக்கு ரப்பர்ச் சக்கரம். ரப்பர் மின்சாரத்தை விடாது என்பது பால்மரம் வெட்டிய நமக்குத் தெரியாதா? ஆகவே அதற்குத் திரும்பும் வழியாக இன்னொரு கம்பியை மேலேயே கட்டினார்கள்.

டிராம் ஓடிய ஊர்களில் எல்லாம் இந்தத் திரும்பும் வழி பெரிய தலைவலியாக இருந்தது. தண்டவாளத் துண்டுகள் சேரும் மூட்டுகளில் துரு ஏறினால், மின்சாரம் அங்கே திணறும். திணறினால் சும்மா இருக்குமா? பக்கத்தில் புதைந்திருக்கும் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு போகும். குழாய் அரித்துப்போகும். டிராம் போனது ஒரு தெருவில், குழாய் ஒழுகியது இன்னொரு தெருவில் என்ற கதைதான். அதனால் மூட்டுக்கு மூட்டு செம்புக் கம்பி வைத்துப் பிணைத்தார்கள். பிரிட்டனில் சட்டமே போட்டார்கள்: தண்டவாளத்தின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் இடையில் 7 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று. இந்த 7 வோல்ட்டுக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் அண்ணனின் பிக்கப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணன் தென் செபராங் பிறையில் இருக்கிறார். தோட்டத்தில் வேலை பார்த்தவர். இப்போது சிறு தோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை வெட்டி ஏற்றும் காண்டிராக்டு. உர மூட்டையும் ஏற்றுவார். எல்லாவற்றுக்கும் ஒரு பழைய டீசல் பிக்கப்தான். முப்பது வயதைத் தொடும் வண்டி. இன்ஜின் குறை சொல்ல முடியாது. ஆனால் மின்சார விஷயத்தில் அது படுத்தாத பாடில்லை. சில நாள் காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சில நாள் ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பும். சிக்னல் போட்டால் பின்னால் பிரேக் விளக்கும் சேர்ந்து சிமிட்டும். முன்விளக்கு அகல்விளக்காக எரியும்.

இரண்டு ஆண்டுகளில் மூன்று பேட்டரி மாற்றினார். ஆல்டர்னேட்டரை ஒரு முறை, ஸ்டார்ட்டரை ஒரு முறை கழற்றிப் பழுது பார்த்தார்கள். இதற்கிடையில் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வேறு இரண்டு தடவை இறுகிப் போனது. 'இதற்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. ஒவ்வொரு பட்டறையிலும் ஒரு சாமானை மாற்றினார்கள். மாற்றியதும் வண்டி ஓடியது. பிறகு பழைய கதை.

குலை வெட்டும் வீட்டார்க்குத் தெரியும், வெட்டிய குலையை நாள் கணக்கில் போட்டுவைக்க முடியாது. 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்விட்டால் நல்லது. தாமதமானால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெடும். இரண்டு தடவை வண்டி நின்று, இரண்டு தோட்டக்காரர்கள் வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். பழைய இரும்பு வாங்குகிறவர் ஒருவர் வீட்டு வாசலுக்கே வந்து விலை பேசிவிட்டுப் போனார். வண்டி போனால் காண்டிராக்டு போகும். காண்டிராக்டு போனால் கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகளின் செலவுக்கு என்ன வழி என்பதுதான் அண்ணியின் கவலை. அப்போதுதான், பினாங்கில் ஜெலுத்தோங் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார், வயர் வேலையில் பழுத்தவர், அவரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு விற்கலாம் என்று முடிவாயிற்று. நானும் கூடப் போனேன்.

காடியோடு ஃபெரியில் ஏறிக் கடல் காற்று வாங்கிய காலம் 2020-ஓடு முடிந்துவிட்டது. இப்போது ஃபெரியில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும் மட்டும்தான். ஆகவே 1985-ல் திறந்த பாலத்தின் வழியாகத்தான் போனோம். 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம். நடுக்கடலுக்கு மேலே வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அண்ணி 'முருகா, முருகா' என்று வந்தார்கள். முருகன் கைவிடவில்லை. போகிற வழியில் நிறுத்தாமல், இன்ஜினை அணைக்காமல், பசியாறக்கூட இறங்காமல் போய்ச் சேர்ந்தோம்.

பெரியவரின் கடை ஒரு சந்துக்குள். மூன்று வண்டி நிறுத்தினால் நான்காவதற்கு இடமில்லை. சுவரெல்லாம் வண்ண வண்ணக் கம்பிச் சுருள்கள். நான் எதிர்பார்த்தது, அவர் உடனே பானெட்டைத் திறப்பார் என்று. அவர் திறக்கவில்லை. ஒரு நாற்காலியைத் துடைத்து அண்ணியை உட்காரச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"தம்பி, எப்போ எப்போ நிக்குது? மழைக்குப் பிறகா, வெயில்லயா?"

"அப்படிச் சொல்ல முடியலீங்க ஐயா. திடீர்னுதான்."

"பேட்டரி மாத்தின பிறகு எத்தனை நாள் ஒழுங்கா ஓடிச்சு?"

அண்ணன் விழித்தார். அண்ணி கைப்பையைத் திறந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்கள். வீட்டுச் செலவு எழுதும் நோட்டு. எந்தத் தேதியில் எந்தச் சாமான், எத்தனை வெள்ளி, எந்தத் தேதியில் வண்டி மறுபடி நின்று அடுத்தவர் வண்டிக்கு வாடகை கொடுத்தது, எல்லாம் அதில் இருந்தது. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். பேட்டரி மாற்றினாலும், ஸ்டார்ட்டர் மாற்றினாலும், மூன்று வாரம் முதல் ஐந்து வாரம் வரை வண்டி ஒழுங்காக ஓடியிருக்கிறது. பிறகு நின்றிருக்கிறது.

"தங்கச்சி, பாதி வேலையை நீங்களே செஞ்சிட்டீங்க" என்றார் அவர். "எந்தச் சாமானை மாத்தினாலும் அதே மாதிரி சரியாகி, அதே மாதிரி கெட்டுப்போனா, கெட்டது அந்தச் சாமான் இல்லை. சாமானை மாத்தும்போது கை பட்ட வேற ஏதோ ஒண்ணு."

பேட்டரியை மாற்றும்போது கறுப்புக் கேபிளைக் கழற்றி வளைத்து ஆட்டுகிறோம் அல்லவா? அந்த ஆட்டத்தில் கேபிளின் மறு முனையிலுள்ள துரு கொஞ்சம் உராய்ந்து, உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. அதோடு புதுப் பேட்டரிக்குத் தெம்பு அதிகம். சில வாரம் குறையை மறைத்துவிடும். பிறகு துரு மறுபடி கூடும். ஆக, வண்டி ஓடியது புதுச் சாமானால் மட்டுமன்று.

இந்த இடத்தில்தான் டிராம் தண்டவாளம் வருகிறது. மோட்டார் வண்டியில் ஒவ்வொரு விளக்குக்கும் போகும் வழிக்கு ஒரு கம்பி உண்டு. திரும்பி வரப் பெரும்பாலும் தனிக் கம்பி கிடையாது. வண்டியின் இரும்பு உடம்பும் இன்ஜினும்தான் திரும்பும் வழி. அதைத்தான் 'எர்த்' என்கிறார்கள். பேட்டரியின் கறுப்புக் கேபிள் இன்ஜினில் ஒரு போல்ட்டில் முடிகிறது. மெல்லிய கம்பி ஒன்று உடம்புக்குப் போகிறது. இன்ஜினுக்கும் உடம்புக்கும் நடுவே சடைபோலப் பின்னிய செம்புப் பட்டை ஒன்று இருக்கும். தண்டவாள மூட்டில் செம்புக் கம்பி வைத்தார்களே, அதே வேலை.

பெரியவர் ஒரு சிறிய மின் மீட்டரை எடுத்தார். முதலில் பேட்டரியின் இரு முனையிலும் வைத்தார். 12.4 வோல்ட்டு. நிறையச் சார்ஜ் உள்ள பேட்டரி, வண்டி நிற்கும்போது 12.6 காட்ட வேண்டும். கொஞ்சம் குறைவு, ஆனால் செத்த பேட்டரி அன்று. அடுத்து அவர் செய்ததை, வாசகர்களே, நன்றாகக் கவனியுங்கள். மீட்டரின் கறுப்பு ஊசியைப் பேட்டரியின் கறுப்பு முனையில் வைத்தார். சிவப்பு ஊசியை இன்ஜினின் வெறும் உலோகத்தில் வைத்தார். இரண்டும் ஒரே எர்த்தான். இடையில் ஒரு கேபிள் மட்டுமே இருக்கிறது. வித்தியாசம் பூஜ்யமாக இருக்க வேண்டும். வண்டி சும்மா நின்றபோது பூஜ்யமாகத்தான் இருந்தது. "சாவியைத் திருப்பு தம்பி" என்றார். ஸ்டார்ட்டர் முனகியது. மீட்டர் 1.9 என்று காட்டியது.

நல்ல வண்டியில் இது 0.2 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினாலே கேபிளைச் சந்தேகப்பட வேண்டும். இங்கே ஏறக்குறைய இரண்டு வோல்ட்டு, ஸ்டார்ட்டருக்குப் போகாமல் ஒரு துருப்பிடித்த போல்ட்டில் வீணாகிக்கொண்டிருந்தது.

முந்தைய பட்டறைகளில் யாரும் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்திருக்கிறார்கள். கேபிளின் இரு முனையிலும் வைத்தால் 'பீப்' என்று கத்துமே, அந்தச் சோதனை. கத்தியது, கேபிள் நல்லது என்று விட்டுவிட்டார்கள். "டீச்சர், நூறு இழை உள்ள கேபிள்ல ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அது பீப் அடிக்கும்" என்றார் பெரியவர். கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். டீசல் ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் தடை வெறும் 0.01 ஓம் இருந்தாலே 200-ஐ அதனால் பெருக்கினால் 2 வோல்ட்டு போய்விடும். 0.01 ஓம் என்பதைச் சாதாரண மீட்டர் காட்டாது. சுமை ஏறும்போதுதான் குறை தெரியும். ஒற்றை ஆள் நடந்தால் தாங்கும் மரப்பாலம், உர மூட்டையோடு போகும்போது முறிவது போல.

பிறகு வண்டியை ஓடவிட்டு, எல்லா விளக்கையும் போட்டு அளந்தார். ஆல்டர்னேட்டரின் மேல் வைத்தால் 14.1 வோல்ட்டு, பேட்டரியின் மேல் வைத்தால் 13.5. ஆல்டர்னேட்டர் ஒழுங்காகத்தான் சமைக்கிறது, பேட்டரியின் இலைக்கு முழுச் சோறு வந்து சேரவில்லை. அரை வயிறாகவே கிடந்து கிடந்து, உள்ளேயுள்ள ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து, ஒவ்வொரு பேட்டரியாகச் செத்திருக்கிறது.

அடியில் படுத்துப் பார்த்த அவருடைய பையன் ஒரு கூச்சல் போட்டான். செம்புச் சடை பாதியில் அற்றுத் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே நின்று பார்ப்பவர் கண்ணில் படாத இடம். இப்போது அந்த ஆக்ஸிலரேட்டர் கேபிளின் மர்மமும் விளங்கியது. நேர் வழியான கேபிளில் துரு; மாற்று வழியான சடை அறுந்தது. சாவியைத் திருப்பும்போது அத்தனை ஆம்பியரும் எப்படியாவது திரும்பியாக வேண்டுமே! இன்ஜினிலிருந்து உடம்புக்குப் போகும் இரும்பு எது கிடைக்கிறதோ அதைப் பிடிக்கும். கிடைத்தது ஆக்ஸிலரேட்டர் கேபிளின் உறை. மெல்லிய கம்பியில் அவ்வளவு மின்சாரம் ஓடினால் சூடேறாதா? உள்ளே கருகி இறுகிவிட்டது. தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு போன டிராம் மின்சாரத்தின் கதைதான், ஒரு பானெட்டுக்குள் நடந்திருக்கிறது.

பின்விளக்குச் சிமிட்டலுக்குக் காரணம் வேறு. பிக்கப்பின் பின்பெட்டி தனியாகப் போல்ட்டு போட்டு உட்காரவைத்தது. அதன் விளக்குகளுக்கு எர்த் ஒரு சிறிய திருகாணியில் முடிகிறது. அண்ணன் ஏற்றும் உரத்தில் பொட்டாஷ் உண்டு, பொட்டாசியம் குளோரைடு. நம் சமையல் உப்பின் உடன்பிறப்பு. மூட்டை கிழிந்து சிந்தியது மழையில் கரைந்து திருகாணியைத் தின்றுவிட்டது. திரும்பும் வழி கெட்டதும் சிக்னல் விளக்கின் மின்சாரம் பிரேக் விளக்கின் இழை வழியாகத் திரும்பப் பார்க்கிறது. அதுவும் சேர்ந்து சிமிட்டுகிறது. பெரியவர் ஒரு நீளக் கம்பியை விளக்கின் எர்த்துக்கும் பேட்டரியின் கறுப்பு முனைக்கும் நடுவே தொடுத்தார். சிமிட்டல் நின்றது. கம்பியை எடுத்தார், சிமிட்டியது. அண்ணி அதை இரண்டு தடவை செய்துகாட்டச் சொல்லிப் பார்த்தார்கள்.

வேலை ஒன்றரை மணி நேரம். தடித்த புதுக் கேபிள் ஒன்று, புதுச் சடை ஒன்று, சில முனைகள், திருகாணிகள். போல்ட்டு உட்காரும் இடத்தை மணல் காகிதம் வைத்து, வெள்ளிபோல் மின்னும் வரை தேய்த்து, இறுக்கி முடுக்கிய பிறகுதான் மேலே கிரீஸ் பூசினார். கிரீஸ் பூசிவிட்டு முடுக்குவது அவருக்குப் பிடிக்காதாம். மறுபடி அளந்தபோது 1.9 காட்டிய இடத்தில் 0.15. சாமானுக்கு ஆன காசு ஒரு பேட்டரி விலையில் பாதிகூட இல்லை. சொல்லப் போனால், அவர் கேட்ட கூலியும் குறைவுதான். அண்ணன் கூடவே வைத்துவிட்டு வந்தார்.

நீங்களே செய்து பார்க்க நினைத்தால் சில எச்சரிக்கைகள். கேபிளைக் கழற்றும்போது கறுப்பை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கறுப்பைக் கடைசியில் மாட்டுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எதுவும் கையில் வேண்டாம். சிவப்பு முனைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு மோதிரம் அகப்பட்டால், நொடியில் சிவக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். பேட்டரிக்குப் பக்கத்தில் சிகரெட் கூடாது; அதிலிருந்து வரும் வாயு வெடிக்கக்கூடியது.

எர்த் சரியாக இருந்தும் இரவில் நிறுத்திய வண்டி சில நாளில் பேட்டரி இறங்கி நின்றால், அது வேறு நோய். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ஏதோ ஒன்று குடித்துக்கொண்டிருக்கிறது. கறுப்புக் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் அளவில் வைத்தால் தெரியும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பயமில்லை. அதற்கு மேல் போனால், ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ, திருடன் அந்த வழியில் இருக்கிறான். மீட்டர் அப்படி இருக்கும்போது மட்டும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.

இரும்புக்காரர் அடுத்த வாரம் சொன்னபடி வந்தார். அண்ணி தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நோட்டில் இப்போது மாதம் ஒரு தடவை இரண்டு எண் ஏறுகிறது: சாவி திருப்பும்போது எர்த்தில் எத்தனை, ஓடும்போது பேட்டரியில் எத்தனை. அந்த மூன்றாவது பேட்டரி இன்றும் அதே வண்டியில்தான் இருக்கிறது.

மீட்டருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். புதிதாகவே மலிவாகக் கிடைக்கிறது. பழையது போதும் என்பவர்கள் ஜார்ஜ்டவுனில் விளையாட்டரங்கத்துக்குப் பக்கத்தில் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போகலாம். பழைய கடிகாரம், செப்புக் காசு, துருப்பிடித்த ஸ்பானர், யாரோ பாட்டியின் வெற்றிலைப் பெட்டி, எல்லாம் தரையில் விரித்திருக்கும். மீட்டர் வாங்கினால் ஊசிக் கம்பிகளை வளைத்துப் பாருங்கள், உறை வெடித்திருந்தால் வேண்டாம். சந்தையில் வாங்கிய பழைய மீட்டரை வண்டி பேட்டரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு மின்சாரத்தில் வைக்காதீர்கள். அங்கே கூட்டம் காலையில்தான். போகும்போது புதுப் பென்சில் பேட்டரி ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதில் வைத்தால் மீட்டர் 1.5-க்குக் கொஞ்சம் மேலே காட்ட வேண்டும். காட்டினால் விலை பேசுங்கள்.